புள்ளிப்பட்டியலும் படகு நேரமும்

ஃபரோ தீவுகளுக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குமிடம் வாகர் தீவு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் போட்டுவிட்டுப்போன ஓடுதளம்தான் இன்றைய விமான நிலையத்தின் அடிப்படை. வெளியே வந்து பார்த்தால் ஒருபுறம் கடல், மறுபுறம் மரமில்லாத பச்சை மலை, நடுவே ஒரு சாலை. அந்தச் சாலையில் சிறிது தூரம் போவதற்குள் கோல் கம்பங்கள் கண்ணில் பட்டுவிடும். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில், வட அட்லாண்டிக்கில் சிதறிக் கிடக்கும் 18 தீவுகள். மொத்தம் 1,399 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 54,000. இவ்வளவு பேருக்கு முதல் நிலை லீக்கில் 10 அணிகள். அதாவது 5,400 பேருக்கு ஒரு அணி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை இதே கணக்கில் பார்த்தால் ஒரு அணிக்கு 28 லட்சம் பேர் வருவார்கள். இந்த விகிதத்தைக் கேட்டதும் வெளியூர் எழுத்தாளர்களுக்குக் கை துறுதுறுக்கும். புல் வேய்ந்த கூரை, கோலுக்குப் பின்னால் மேயும் ஆடு, காலையில் மீன் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பூட்ஸ் மாட்டும் ஆட்டக்காரர் என்று ஒரே சட்டகத்தில் நூறு கட்டுரை வந்துவிட்டது. அவற்றில் பொய் எதுவுமில்லை. ஆனால் அந்த அழகில் மயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்த லீக்கை நடத்துவது ஆர்வம் மட்டுமல்ல; ஆர்வம் எல்லாத் தீவிலும்தான் இருக்கிறது. இதை நடத்துவது தார்ச் சாலையும் பாலமும் சுரங்கமும் செயற்கைப் புல்லும். சின்னத் தீவில் கால்பந்தின் தலையெழுத்தை மக்கள்தொகையைவிட அதிகமாக நிர்ணயிப்பது தூரம் என்பதே என் கட்சி. அதற்கான சாட்சிகள் புள்ளிப்பட்டியலிலேயே இருக்கின்றன. அதைச் சாலை வரைபடத்தோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தரையைப் பார்ப்போம். ஃபரோவில் லீக் தொடங்கியது 1942இல். முதல் சாம்பியன் வடக்கே போர்தோய் தீவில் உள்ள கிளாக்ஸ்விக் ஊரின் கே.ஐ. அணி. 1944இல் போட்டி நடக்கவில்லை. காரணம் போர்க்களமோ குண்டுவீச்சோ அல்ல, விளையாடப் பந்து கிடைக்கவில்லை. கப்பலில் வராவிட்டால் பந்துகூட இல்லாத இடத்தில் புல்தரை எங்கிருந்து வரும்? ஜூலை மாதத்திலேயே சராசரி வெப்பம் 11 டிகிரிதான். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஏதோ ஒரு நேரம் மழை தூறிவிடும். சமதரை என்பது கடலோரம் ஒட்டிய ஒரு விளிம்பு மட்டும். அதையும் வீடுகளும் படகுத் துறையும் பங்கு போட்டுக்கொண்டது போக மிச்சம் இருந்தால்தான் மைதானம். நெடுங்காலம் பெரும்பாலான ஊர்கள் சரளைத் தரையில்தான் ஆடின. இதன் விலை என்ன என்பது 1990இல் உலகத்துக்கே தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று ஃபரோ தேசிய அணி தன் முதல் ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றது. டோர்கில் நீல்சன் போட்ட கோல், குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு கோல் காத்த யென்ஸ் மார்ட்டின் நூட்சன் எல்லாம் இன்றும் பேசப்படும் கதை. அதே கதையில் யாரும் நின்று யோசிக்காத ஒரு வரி உண்டு: ஃபரோவின் அந்த 'சொந்த மண்' ஆட்டம் நடந்தது ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரூனா நகரில். தீவில் சர்வதேச விதிக்கு உட்பட்ட ஒரு புல்தரைகூட அப்போது இல்லை. ஆஸ்திரியாவை வீழ்த்த ஆள் இருந்தார்கள். அவர்களை நிறுத்தத் தரைதான் இல்லை.

அடுத்து நடந்தது இந்த நாட்டின் குணத்தையே காட்டுகிறது. எஸ்துரோய் தீவின் தென்கோடியில் தொஃப்டிர் என்று ஒரு மீனவ ஊர், சில நூறு குடும்பங்கள்தான் இருக்கும். அங்கே குன்றின் உச்சியில் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்தாலும் பாதிகூட நிரம்பாத அளவுக்கு ஸ்வாங்கஸ்கார்த் என்ற அரங்கைக் கட்டினார்கள். 1991 முதல் தேசிய அணி அங்கே ஆடியது. வெடித்த பாறையின் செங்குத்து வெட்டு இன்றும் பார்வையாளர் படிக்கட்டின் பின்புறம் கறுப்பாகத் தெரிகிறது. மழை வழிந்து அதில் பாசி பிடித்திருக்கிறது. அதை ஒட்டி நின்று பார்த்தால், காற்று ஏன் இங்கே பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பிறகு படிப்படியாகச் செயற்கைப் புல் வந்தது. தலைநகர் தோர்ஸ்ஹவ்னில் குண்டாதாலூர் என்ற பள்ளத்தாக்கில் ஹெச்.பி. அணியின் மைதானமும் பி36 அணியின் மைதானமும் தேசிய அரங்கமான தோர்ஸ்வொல்லூரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, மூன்றிலும் நார்ப்புல்தான். இயற்கைப் புல்லின் வாசனைக்காக ஏங்குகிற ரசிகர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்து அக்டோபரில் முடியும் சீசனில், ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதோடு மும்முறை மோதி 27 சுற்று ஆடி முடிக்க இந்த வானிலையில் வேறு வழி கிடையாது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் மழையிலும் இருட்டிலும் விளக்கடியில் பந்து உதைப்பதும் அந்தப் பச்சை நாரின் மேல்தான்.

தரை கிடைத்தபின் சாலை. ஸ்ட்ரெய்மோய், எஸ்துரோய் என்ற இரண்டு பெரிய தீவுகளுக்கும் நடுவே ஆறு மாதிரி ஒடுங்கிய ஒரு கடல்கால்வாய் ஓடுகிறது. 1973இல் அதன் குறுக்கே ஒரு பாலம் போட்டார்கள். கால்வாயின் எஸ்துரோய் பக்கத்து வாயில் எய்தி என்ற ஊர் (உள்ளூர்க்காரர் வாயில் 'ஒய்யி' என்றுதான் விழும்; ஃபரோ மொழியில் எழுத்தில் இருப்பது பாதி நாக்குக்கு வராது). எய்தியின் பழைய மைதானம் ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல் என்று நடுவே ஒரு கூழாங்கல் மேட்டில் இருந்தது. பந்து எல்லை தாண்டிப் பறந்தால் படகு எடுத்துக்கொண்டு போய் எடுத்துவர வேண்டும். இன்று அங்கே கூடாரம் அடிக்கவும் வேன் நிறுத்தவும் வாடகைக்கு விடுகிறார்கள். கோடு போன பழைய ஆடுதளத்தின் மேல் சுற்றுலாப் பயணிகள் முட்டை பொரிக்கிறார்கள். ஊரின் கால்பந்து என்ன ஆயிற்று? 1993இல் எய்தியின் அணி, கால்வாய்க்கு அந்தக் கரையில் வேறு தீவில் இருக்கும் ஸ்ட்ரெய்ம்னெஸ் ஊரின் அணியோடு சேர்ந்து ஈ.பி./ஸ்ட்ரெய்மூர் ஆனது. இரு தீவுக்காரர்கள் ஒரே சட்டை போட்டார்கள். பாலம் இல்லாவிட்டால் இந்த அணியைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. அந்த அணி 2008இலும் 2012இலும் நாட்டின் சாம்பியன்.

இனி என் வாதத்தின் மையச் சாட்சிக்கு வருகிறேன். சாம்பியன் பட்டியலை 2000ஆம் ஆண்டில் இரண்டாக மடித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய பக்கத்தில் படகில் மட்டுமே போகக்கூடிய தீவுகளின் பெயர்கள் தாராளமாக வருகின்றன. தெற்குக் கோடியான சூவுரோய் தீவின் ட்வொரோய்ரி ஊரில் 1892இல் தொடங்கிய டி.பி.தான் நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கழகம். அது 1943இல் வென்றது, 1987 வரை பலமுறை வென்றது. சாண்டோய் தீவின் பி71 அணி 1989இல் வென்றது. சூவுரோயின் இன்னோர் ஊரான வாகூரின் வி.பி. அணி 2000இல் வென்றது. அதற்குப் பிந்தைய பக்கத்தில், 2001 முதல் 2024 வரை 24 சீசன்களில், படகுத் தீவுகளிலிருந்து ஒரு சாம்பியன்கூட இல்லை. ஹெச்.பி., பி36, என்.எஸ்.ஐ. ருனாவிக், ஈ.பி./ஸ்ட்ரெய்மூர், விக்கிங்கூர், கே.ஐ.: வென்ற அத்தனை அணிகளும் பாலத்தாலோ சுரங்கத்தாலோ கோக்கப்பட்ட ஸ்ட்ரெய்மோய், எஸ்துரோய், போர்தோய் என்ற மூன்று தீவுகளைச் சேர்ந்தவை. 2002இல் வாகருக்குக் கடலடிச் சுரங்கம் திறந்தது. 2006இல் எஸ்துரோயின் லெய்ர்விக்கிலிருந்து கிளாக்ஸ்விக்குக்கு 6 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் வந்தது. 2020 டிசம்பரில் தலைநகரை எஸ்துரோயோடு இணைத்தது 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இன்னொன்று.

அந்தக் கடைசிச் சுரங்கத்துக்குள் ஒருமுறை போய்விட்டு வருவது இந்தப் பயணத்தில் தவிர்க்க முடியாதது. சாலை இறங்கிக்கொண்டே போகிறது. ஆழமான இடத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே 187 மீட்டர். பிறகு ஏறத் தொடங்கியதும் திடீரென்று ஒரு ரவுண்டானா வருகிறது. நடுவில் குடையாமல் விட்ட எரிமலைப் பாறைத் தூண், அதன் மேல் நீலமும் பச்சையும் சிவப்புமாக விளக்கு, சுற்றிலும் கைகோத்து வட்டமாக நடனமாடும் இரும்பு உருவங்கள். ஃபரோ ஓவியர் த்ரோந்தூர் பாத்தூர்சன் செய்தவை. ஒரு கிளை கிழக்கே ருனாவிக், தொஃப்டிர் பக்கம். இன்னொன்று மேற்கே ஸ்ட்ரெந்தூர் பக்கம். முன்பு மலையைச் சுற்றிக்கொண்டு 55 கிலோமீட்டர் போக வேண்டியிருந்த தோர்ஸ்ஹவ்ன்–ருனாவிக் பயணம் 17 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. கால்பந்தின் கண்ணில் இதற்கு என்ன பொருள்? மாலை ஐந்து மணிக்குத் தலைநகரில் கடையடைத்துவிட்டு, ஆறு மணிப் பயிற்சிக்கு இன்னொரு தீவுக்குப் போய், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். பாதிநேர ஆட்டக்காரர்களை நம்பி நடக்கும் லீக்கில் இதைவிடப் பெரிய சம்பள உயர்வு எதுவுமில்லை. திறமையான பையன் வேலைக்காகத் தலைநகருக்குக் குடிபெயர்ந்தாலும் ஊர் அணியை விட்டுப் போக வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பு வரும், வரவும் வேண்டும். கே.ஐ. அணி 1999இல் சாம்பியனானபோது கிளாக்ஸ்விக்குக்குச் சுரங்கமே இல்லை. சுரங்கம் வந்த 2006க்குப் பிறகோ 2019 வரை காத்திருந்தது. அப்படியானால் சுரங்கத்துக்கும் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. சுரங்கம் திறந்த மறுநாளே கோல் விழும் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் மெதுவாகப் போன காலத்தில் தூரம் எல்லோருக்கும் பொதுவான தொல்லை; கிளாக்ஸ்விக்கும் படகில்தான் வந்தது, சாண்டோயும் படகில்தான் வந்தது. சிலருக்கு மட்டும் தூரம் சுருங்கியபோதுதான் மற்றவர்களின் தூரம் நீண்டது. சூவுரோய் ஓர் அங்குலம்கூட நகரவில்லை; மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அதன் பலன் உடனே தெரிவதைவிட ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் எந்த ஊரில் வளர்ந்து எந்த ஊரில் தங்குகிறார்கள் என்பதில்தான் மெல்லத் தெரியும். சாண்டோய்க்குச் சுரங்கம் வந்தது 2023 டிசம்பரில்தான். அங்கே இதன் விளைவை அளக்கப் பதினைந்து ஆண்டாவது பொறுக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது, அது இன்னும் கூர்மையானது. 2023 கோடையில் கே.ஐ. செய்ததை ஐரோப்பியக் கால்பந்து இன்னும் மறக்கவில்லை. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று சாய்த்தது. ஸ்வீடனின் ஹெக்கனைப் பெனால்டியில் வென்றது. நார்வேயின் மோல்டெயை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்று, இரண்டாவதில் கூடுதல் நேரம்வரை இழுத்துத் தோற்றது. கடைசியில் கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றுக்குள் நுழைந்தது. ஐரோப்பியப் போட்டி எதிலும் அந்தக் கட்டத்தைத் தொட்ட முதல் ஃபரோ அணி அதுதான். அங்கே பிரான்ஸின் லீலை 0-0 என்று நிறுத்தி, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லூப்லியானாவை 3-0 என்று வீழ்த்தியது. கிளாக்ஸ்விக் ஊரின் மக்கள்தொகை சுமார் 5,000. குழுச் சுற்றில் நுழைந்தாலே ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தரும் தொகை 29.4 லட்சம் யூரோ. 'இப்படி ஓர் அணியின் மடியில் மட்டும் பணம் கொட்டினால் லீக் செத்துவிடும், அப்புறம் சாலை என்ன செய்யும், சுரங்கம் என்ன செய்யும்' என்கிறார்கள். பல சிறிய நாடுகளில் அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. ஆனால் பணம் வந்த அடுத்த சீசனில், 2024இல், சாம்பியனானது கே.ஐ. அல்ல, விக்கிங்கூர். அந்த அணி 2008இல் கோட்டா, லெய்ர்விக் என்ற இரண்டு சிற்றூர்களின் கழகங்கள் சேர்ந்து உருவானது. ஒரு சீசனை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான்; பணத்தின் ஆபத்து உண்மையானது, நாளை நிஜமாகவும் ஆகலாம். இருந்தாலும் பணம் வருவதற்கு முன்னால் அந்த ஆட்டக்காரர்கள் எப்படி உருவானார்கள் என்ற கேள்விக்குப் பணத்தில் விடை இல்லை. மால்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை ஃபரோவைப்போல் பத்து மடங்கு, நல்ல வெயில், நூறாண்டுக்கு மேற்பட்ட லீக். அதன் அணி ஒன்று, ஹம்ரூன் ஸ்பார்ட்டன்ஸ், ஐரோப்பியப் போட்டியின் இந்தக் கட்டத்துக்குள் நுழைந்தது 2025இல்தான். ஐஸ்லாந்தின் பிரெய்தாப்லிக் நுழைந்தது கே.ஐ. நுழைந்த அதே 2023இல். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஃபரோவைப்போல் ஏழு மடங்கு. ஆளின் எண்ணிக்கையோ காசோ முதல் காரணமாக இருந்திருந்தால் வரிசை வேறு மாதிரி இருந்திருக்கும்.

'இதெல்லாம் டென்மார்க்கின் தயவு' என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. டென்மார்க் அரசு ஆண்டுதோறும் மானியம் தருவது உண்மை. ஆனால் சுரங்கங்கள் கடன் வாங்கிக் கட்டப்பட்டவை. உள்ளே போகும் ஒவ்வொரு காரும் சுங்கம் கட்டித்தான் போகிறது. மீனை விற்றுச் சம்பாதித்த காசில் பாறையைக் குடைந்த நாடு இது. சரி, அளவு என்பதே பொருட்டில்லையா என்றால், இருக்கிறது. கீழ் எல்லை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லி தீவுகளில் லீக் இருக்கிறது, அதில் அணிகள் இரண்டே இரண்டு. வாரந்தோறும் அதே கேரிசன் கன்னர்ஸ், அதே வுல்பேக் வாண்டரர்ஸ். அங்கே எத்தனை சுரங்கம் தோண்டினாலும் மூன்றாவது அணி வராது.

எனக்கே உறுத்தும் மறுப்பு வேறு. தூரம் சுருங்கியதில் அணிகள் மட்டும் நெருங்கவில்லை, ஊர்ப் பெயர்களும் அழிந்தன. கோட்டா ஊரின் ஜி.ஐ. அணி 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு முறை நாட்டின் சாம்பியன். ஒரு ஆயிரம் பேர் ஊருக்கு அது என்னவாக இருந்திருக்கும்! அந்தப் பெயர் இப்போது புள்ளிப்பட்டியலில் இல்லை. வாகர் தீவிலும் பக்கத்து ஊர்க் கழகங்கள் இரண்டு கரைந்து 07 வெஸ்டூர் என்று ஆயின. ஊருக்கு ஊர் எதிரியாக நின்று ஆடுவதுதான் இந்த லீக்கின் உப்பு என்பவர்கள், சாலை அந்த உப்பைக் கரைத்துவிட்டது என்று சொன்னால் என்னால் முழுக்க மறுக்க முடியவில்லை. தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டும் இரண்டாம் டிவிஷனில் தேய்ந்திருக்கும் என்பதுதான் என்னிடம் இருக்கும் ஒரே பதில். அது கணக்குக்குச் சரி, மனசுக்கு அவ்வளவு சரியில்லை.

சாலை போகாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க தோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்துக்கு வர வேண்டும். 'ஸ்மிரில்' என்ற கப்பல் கார்களையும் லாரிகளையும் விழுங்கிக்கொண்டு சூவுரோய்க்குக் கிளம்புகிறது. சாண்டோயின் செங்குத்துப் பாறைகள் ஒருபுறம் மெல்ல நகர, இரண்டு மணி நேரத்தில் க்ரம்பாதாங்கி துறை. அங்கிருந்து ட்வொரோய்ரி சில நிமிடம்தான். அலை பெரிதானால் கப்பல் நேரம் மாறும், கப்பல் மாறினால் ஆட்ட நேரமும் மாறும். சூவுரோய்க்கும் சுரங்கம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது; அது மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக இருக்கும், செலவும் அப்படி. கடல் எல்லா அணிக்கும் சமம்தானே, வருகிறவர்களும் அதே இரண்டு மணி நேரம் ஆடிக்கொண்டுதானே வருகிறார்கள் என்று கப்பலின் உணவகத்தில் யாராவது சொல்லக்கூடும். ஒரு சீசனுக்கு ஒன்றோ இரண்டோ முறை தெற்கே வந்து போகிறவர்களுக்கு நான்கு மணி நேரம், மிஞ்சினால் எட்டு. சூவுரோய் அணி ஒன்றுக்கு வெளியூர் ஆட்டங்கள் பதின்மூன்றோ பதினான்கோ. ஒவ்வொன்றுக்கும் போக இரண்டு, வர இரண்டு. ஐம்பது மணி நேரத்துக்கு மேல், கடலில் மட்டும்.